போகும்போது கச்சான், வரும்போது பாலைப்பழம்

கேள்வி: ஆனிக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம். வான் வண்டியில் போகிறோம்: இவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமி. வவுனியா தாண்டினால் இவர் முறிகண்டியில் மட்டும்தான் நிறுத்துவார். எனக்கோ வன்னிக்குள்ளே ஆறுதலாகப் போய், தெருவோரம் விற்கிற பழங்களை வாங்கிச் சாப்பிட ஆசை. மாமிக்குச் சீனி வருத்தம் வேறு. சண்டையில்லாமல் எப்படிப் போவது?
– வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: போகும்போது இவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், சகோதரி. கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவரில் பிழையில்லை. பட்டுச்சேலை அடுக்கிய வானுக்குள் பலாப்பழத்தை ஏற்றுவதும் புத்தியில்லை. ஏ9 வீதியால் நேரே போங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு மாமி தேங்காய் உடைக்கட்டும், பிள்ளைகளுக்குக் கச்சான் (நிலக்கடலை) வாங்குங்கள். அவ்வளவுதான். உங்கள் பயணத்தைத் திரும்பி வருகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பரந்தனில் இடப்பக்கம் திரும்பி ஏ35 வீதியைப் பிடியுங்கள். விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவு. அங்கிருந்து முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாக ஏ34 வீதி உங்களை மாங்குளத்தில் கொண்டுவந்து விடும். சுற்று முழுவதும் 100 கிலோமீற்றர் அளவில் வரும். ஏ9 வீதியால் நேரே வந்தால் இதில் மூன்றிலொன்றுதான். இவரிடம் கிலோமீற்றர் கணக்கை எடுக்காதீர்கள். “காலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானம் மாங்குளம், இரவுச் சாப்பாடு வீட்டில்” என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் பழம். ஆனி என்றால் வன்னியில் பாலைப்பழக் காலம். வேப்பம்பழம் அளவில், மஞ்சளாக, தகரப் பேணியிலோ சுண்டு என்கிற சின்ன அளவைப் பாத்திரத்திலோ அளந்து தருவார்கள். தேன்போல இனிக்கும். ஆனால் அதன் பால் உதட்டில் பசையாக ஒட்டிவிடும். பிள்ளைகளின் உதட்டில் முன்கூட்டியே கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிவிடுங்கள். கொழும்புக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். பொலித்தீன் பைக்குள் வெக்கையில் கிடந்தால் வீடு வருமுன்னே புளித்துவிடும். கொஞ்சமாக வாங்கி, அங்கேயே மரநிழலில் நின்று சாப்பிட்டு முடித்துவிடுங்கள். “மரத்திலேயே ஆயலாமே” என்று பிள்ளைகள் காட்டுக்குள் இறங்க விடாதீர்கள். பாலைப்பழத்தில் கரடிக்கும் பெரிய ஆசை. அதோடு, போர் நடந்த மண். மிதிவெடிப் பலகை இல்லாத இடத்திலும் வீதிக்கரையை விட்டு உள்ளே போகாமலிருப்பதுதான் நல்லது.

முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் பலாப்பழம் கண்டால் வருக்கனா (சுளை கெட்டியானது) கூழனா (சுளை குழைவானது) என்று முதலில் கேளுங்கள். வருக்கன் என்றால் வெட்டிய பாதி போதும். முழுப்பழத்தை ஏசி போட்ட வானுக்குள் வைத்தால் அடுத்த முறை இவர் முறிகண்டியிலும் நிறுத்தமாட்டார். மாம்பழத்தைக் காம்படியில் மணந்து பாருங்கள். மேலெல்லாம் ஒரே மஞ்சள், மணமே இல்லை என்றால் மருந்தில் பழுத்தது, விடுங்கள். விளாம்பழம் அகப்பட்டால் நிலத்தில் மெல்லப் போட்டுப் பார்க்கலாம்: துள்ளினால் காய், தொப்பென்று கிடந்தால் பழம். பெரிய கடைகளில் தொங்குகிற அப்பிளும் திராட்சையும் நீங்கள் வந்த அதே வீதியால் கொழும்பிலிருந்து வந்தவை. அவற்றுக்கா வானை நிறுத்துவது?

சில்லறை நோட்டாக நிறைய வைத்திருங்கள். வளவுப் பழத்தைக் கூடையில் கொண்டுவந்து வெயிலில் குந்தியிருக்கிற அம்மாவிடம் ஐயாயிரம் ரூபாயை நீட்டினால் அவர் மாற்றுக்கு எங்கே போவார்? இருபது ரூபாய்க்குப் பேரம் பேசவும் வேண்டாம்.

புதுக்குடியிருப்புக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் முள்ளிவாய்க்கால் வரும், பிறகு இரு பக்கமும் தண்ணீரோடு வட்டுவாகல் பாலம். 2009-இல், போரின் கடைசி நாட்களில், இங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றாமல் சொல்லுங்கள். அந்தத் துண்டில் சிரித்துப் படம் பிடிக்க இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமி விரும்பினால், முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போய் வரலாம். நந்திக்கடலோரம், அதிக தூரமில்லை.

மாமியின் சீனிக்குப் பழத்தை ஒரேயடியாக மறுக்கத் தேவையில்லை. அதிகம் பழுக்காத கொய்யா ஒன்று, பாலைப்பழம் நாலைந்து. பலாச்சுளை ஒன்றோடு நிறுத்துங்கள். மருந்து எடுப்பவர் என்றால், பழத்துக்கு நின்று நின்று அவருடைய சாப்பாட்டு நேரம் பிந்தாமல் பார்ப்பதுதான் முக்கியம். காலைச் சாப்பாட்டைப் பொதி கட்டி எடுத்துப்போங்கள். இவருக்கும் பசி வராது, கோபமும் வராது.