எல்லாம் ஒரே குளிர்தானே என்று கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா,

நிலவியல் பட்டம் முடித்த மகளை முதுகலை படிக்க அனுப்புவது பற்றி, "சுவீடனோ பின்லாந்தோ நார்வேயோ, எங்கே இடம் கிடைத்தாலும் சரி, எல்லாம் ஒரே குளிர்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். குளிரில் பெரிய வித்தியாசம் இல்லைதான். மற்றவற்றில் நிறைய இருக்கிறது.

அங்கே படிப்பு இலவசம் என்று உங்கள் உறவினர் சொன்னது பழைய கதை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் சுவீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும், நார்வே 2023 முதலும் கட்டணம் வாங்குகின்றன. கடன் வாங்கித்தான் அனுப்பப்போகிறீர்கள் என்றால், படிப்பு முடிந்ததும் அங்கே வேலை கிடைக்குமா என்பதை இப்போதே பார்த்தாக வேண்டும்.

அதற்கு மொழி வேண்டும். முதுகலை வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். நாளை அவள் வேலைக்குப் போகும் சுரங்கத்துக்குள் உடன் வேலை செய்பவர்கள் ஆங்கிலத்திலா பேசிக்கொள்வார்கள்? பாலை சுவீடனில் மியோல்க் என்பார்கள். நார்வேயிலும் டென்மார்க்கிலும் மெல்க். ஒன்றைக் கற்றவர் மற்ற இரண்டையும் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிடலாம். பின்லாந்திலோ அது மைத்தோ. எஸ்தோனியாவின் மொழிக்கு உறவான, முற்றிலும் வேறு குடும்பம். ஆனாலும் ஹெல்சிங்கி கடையில் பால் பெட்டியை எடுத்தால் மைத்தோ, மியோல்க் இரண்டும் அச்சிட்டிருக்கும். 1809 வரை பின்லாந்து பல நூற்றாண்டுகள் சுவீடனோடு இருந்ததன் மிச்சம் அது.

இன்னொன்று. இந்த நாடுகளின் குடிமக்கள் தனி அனுமதி இல்லாமலே ஒருவர் நாட்டில் ஒருவர் வேலை பார்க்கலாம். 1950களில் தொடங்கிய ஏற்பாடு. உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. சுவீடன் தரும் அனுமதியை வைத்துக்கொண்டு நார்வேயில் வேலைக்குச் சேர முடியாது. முகவர்கள் இதைச் சொல்வதில்லை.

நிலவியல் பட்டதாரிக்கு நான் சொல்வது வடசுவீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஸ்டாக்ஹோமிலிருந்து சாலை வழியே சுமார் 900 கி.மீ. அதற்கும் வடக்கே கிருனா. அங்கே இரும்புத்தாதுச் சுரங்கம் நகரின் அடியையே தின்றுவிட்டதால், ஊரையே பெயர்த்துக் கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பழைய மரத் தேவாலயத்தை முழுதாகச் சக்கரங்களில் ஏற்றி 5 கி.மீ. நகர்த்தினார்கள். அது சாமி என்ற வட ஐரோப்பியப் பழங்குடி மக்களின் மண்ணும்கூட. அவர்கள் தாயகம் நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என்று நான்கு நாடுகளில் கிடக்கிறது. கலைமான் மேய்க்கும் சாமிகள் அங்கே வரவிருக்கும் புதிய சுரங்கத்தை எதிர்க்கிறார்கள். சுரங்க வேலைக்குப் போகும் பெண் அந்தப் பிரச்சினையையும் படித்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பரில் லூலியோவில் பகல் மூன்று மணி நேரம்தான். கிருனாவில் சில வாரங்கள் சூரியன் எழவே எழாது. இதைச் சொன்னால் பயந்துவிடுவாளோ என்று மறைக்காதீர்கள். தெரியாமல் போய் பிப்ரவரியில் அழுதுகொண்டு தொலைபேசியில் பேசிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சுவீடனில் இலையுதிர்காலச் சேர்க்கைக்கான விண்ணப்பம் ஜனவரி நடுவில் முடிந்துவிடும். ஒரே விண்ணப்பத்தில் நான்கு முதுகலைப் படிப்புகள் வரை வரிசைப்படுத்தலாம். லூலியோவை முதலில் போடச் சொல்லுங்கள். சுவீடிய மொழியை இன்றிலிருந்தே ஆரம்பிக்கட்டும், தினம் அரை மணி நேரம்.