பெயரை மாற்றினால் தகப்பன் மாறுவாரா?

கேள்வி: விவாகரத்துக்குப் பிறகு போன ஆண்டு மறுமணம் செய்துகொண்டேன். மகனுக்கு வயது 9. கணவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. மகன் பெயரில் 'எஸ்/ஓ'வுக்குப் (இன்னாரின் மகன்) பின்னால் இருக்கும் முன்னாள் கணவரின் பெயரை மாற்றிவிட்டால், அவன் சட்டப்படி இவருடைய பிள்ளையாகிவிடுவான், சொத்தும் வரும் என்று ஒருவர் பணம் கேட்கிறார். சனிக்கிழமைகளில் அவனைத் தேக்காவுக்கு அழைத்துப்போகும் அப்பா வழிப் பாட்டியை இனி வரவேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?
— வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அந்த ஆளுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் பத்திரம் பெயரை மட்டும்தான் மாற்றும். அதற்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் வழக்கமாகப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். முன்னாள் கணவரின் கையெழுத்து இல்லாமலே முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இப்படிப் பணத்தைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்து மனம் நொந்துவிட்டது.

சட்டப்படி பிள்ளையாக்குவது தத்தெடுப்பு. நீதிமன்ற உத்தரவு வந்ததும் பெற்ற தகப்பனோடு சட்ட உறவு அறுந்துவிடும். பாட்டி கையைப் பிடித்து நடக்கிற பிள்ளைக்கு இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

சரி, சொத்து. உயில் இல்லாமல் உங்கள் கணவர் இறந்தால், பாதி உங்களுக்கு, பாதி அவருடைய பெற்றோருக்கு. மகனுக்கு ஒன்றும் இல்லை. (முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.) இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மனைவியின் பிள்ளையைக் குடும்பத்தில் ஒருவனாக ஏற்றுக்கொண்டவர், பெற்றவர்கள் செலவுக்குத் தராவிட்டால் தானே பராமரிக்க வேண்டும் என்கிறது மாதர் சாசனம் என்ற நம் குடும்பச் சட்டம். சோறு போடும்வரை அவன் பிள்ளை, இறந்த மறுநாள் யாரோவா? இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

அதனால் கணவரை உயில் எழுதச் சொல்லுங்கள். மத்திய சேம நிதிப் பணம் (சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) உயிலில் அடங்காது. அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக இணையத்திலேயே இலவசமாகச் செய்யலாம், 2 சாட்சிகள் வேண்டும். இதில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். திருமணம் செய்தாலே பழைய நியமனம் செல்லாது. நீங்கள் முன்பு மகன் பெயரை எழுதியிருந்தாலும், மறுமணத்தோடு அது போய்விட்டது. விவாகரத்து அப்படியில்லை. அது நியமனத்தைத் தொடாது. விவாகரத்தாகி மறுமணம் செய்யாமல் இருக்கும் உங்கள் தோழிகளுக்கும் சொல்லுங்கள்: நியமனத்தில் முன்னாள் கணவர் பெயர் இருந்தால் பணம் இன்றைக்கும் அவருக்குத்தான் போகும். எத்தனை பேர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறார்கள் தெரியுமா!

அப்புறம் பாட்டி. அவரை நிறுத்தாதீர்கள். விவாகரத்தானது உங்கள் இருவருக்கும்தான், பேரனுக்கும் பாட்டிக்கும் இல்லை. எத்தனை மணிக்கு அழைத்துப் போவது, எப்போது திரும்ப வருவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மகனைப் பார்க்க முன்னாள் கணவருக்கு நீதிமன்றம் நேரம் ஒதுக்கியிருந்தால், யார் சொன்னாலும் அதை மீறக் கூடாது. மாமியாரிடம் இதைக் கணவர் பேசட்டும். நீங்கள் பேசினால் மாமியார் மருமகள் சண்டையாகிவிடும். பையன் உங்கள் கணவரை 'அங்கிள்' என்றே கூப்பிட்டாலும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த வாரமே இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த நியமனத்தை முடித்துவிடுங்கள்.