பாலின பட்ஜெட்: அலுவலர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஊரக வளர்ச்சித் துறையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பாலக்கோடு, அலுவலக உதவியாளர்: அம்மா, பாலின பட்ஜெட் என்றால் பெண்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குவதுதானே?

இல்லை. அப்படி நினைப்பதால்தான் பலர் ‘அது சமூக நலத் துறை வேலை’ என்று கோப்பைத் தள்ளிவிடுகிறார்கள். ரோடு, தண்ணீர், பஸ், விவசாயம் என்று எல்லாத் துறைப் பணமும் ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்ப்பது அது. ஆஸ்திரேலியா 1984-இல் தொடங்கியது. நம் மத்திய பட்ஜெட்டில் 2005-06 முதல் இதற்கென்று தனி அறிக்கை வருகிறது.

கிருஷ்ணகிரி, உதவிப் பொறியாளர்: நாங்கள் குழாய் போடுகிறவர்கள். குழாயில் ஆண் என்ன, பெண் என்ன?

நல்ல கேள்வி தம்பி. நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரிலிருந்து விடிவு வேண்டும் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. சரி, உங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது? காலை பத்து மணிக்கு என்றால், தக்காளி பறிக்கப் போக வேண்டிய பெண் கூலியை விட்டுவிட்டுக் குடத்தோடு நிற்பாள். இல்லையென்றால் மூத்த மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக மாட்டாள். உங்கள் கணக்கில் வேலை முடிந்தது, பணம் செலவானது. அவள் விட்ட கூலி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது. நேரத்தை மாற்றப் பெரிய செலவும் இல்லை, பல ஊர்களில் டேங்க் ஆபரேட்டரிடம் சொன்னாலே போதும். எந்த நேரம் தோது என்று அந்தப் பெண்களிடம் யாராவது போய்க் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தருமபுரி, கணக்காளர்: பெண்களுக்கு எத்தனை சதவீதம் என்று படிவத்தில் கேட்கிறார்கள். எதைப் போடுவது?

மத்திய அறிக்கையில் முழுக்கப் பெண்களுக்கான திட்டம் ஒரு பகுதி, 30 சதவீதமும் அதற்கு மேலும் போனால் இன்னொரு பகுதி. 30-க்குக் குறைவானதற்கு 2024-25-இல் மூன்றாவது பகுதியும் சேர்த்தார்கள். தயவுசெய்து ஊகமாக முப்பது என்று எழுதாதீர்கள். நானும் வேலையில் இருந்தபோது அப்படி எழுதியிருக்கிறேன்; இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. பயனாளிகள் பட்டியலில் பெண் பெயர்களை எண்ணுங்கள். குறைவாக இருந்தால் காரணம் தேடுங்கள். சொட்டுநீர் மானியத்துக்குச் சிட்டா கேட்கிறோம். மாந்தோப்பில் நாள் முழுக்க உழைப்பவள் பெயரில் பட்டா இருக்கிறதா?

அரூர், முன்னாள் வார்டு உறுப்பினர்: மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறதே, இன்னும் என்ன?

அதற்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் தொடங்கியது. வேண்டிய திட்டம்தான். ஆனால் சாயங்கால பஸ்ஸும் தெருவிளக்கும் அந்த ஆயிரத்தில் வராதே அக்கா.

ஓசூர், புதிதாகச் சேர்ந்த அலுவலர்: ஒரு நாள் பயிற்சி போதுமா?

போதாது. அரங்கில் உட்கார்ந்து கேட்டது மறுவாரமே மறந்துவிடும். பயிற்சியில் பாதி நாளைக் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் விடுகிற நேரத்துக்கு ஒரு குழாயடியில் போய் நில்லுங்கள், அங்கிருக்கிற பெண்கள் அன்றைக்கு எந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த திட்ட மதிப்பீடு போடும்போது அந்த நோட்டு மேசையில் இருக்கட்டும்.