மணலில் பழுப்புப் படலம்: மருந்து வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்

பாசிக்கொல்லி எதையும் ஊற்றாதீர்கள். கடல்நீர் மீன்தொட்டி வைத்த மூன்றாவது வாரத்தில் மணலிலும் கல்லிலும் பழுப்புத் தூள் படிகிறது என்கிறீர்கள். அது டயாட்டம் என்ற நுண்பாசியாகத்தான் இருக்கும். புதிய ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் தொட்டியில், சகஜம், சில வாரங்களில் தானே அடங்கும். மருந்தில் செம்பு இருந்தால் நத்தையும் பவளமும்தான் சாகும்.

எனக்குச் சந்தேகம் தண்ணீர் மேல். புதுச்சேரி முத்தியால்பேட்டை போர்வெல் தண்ணீரை வீட்டு ஆர்ஓவில் பிடித்து உப்பு கலக்கிறீர்கள். குடிநீர் ஆர்ஓ பலவற்றில் சுவைக்காக மூலத் தண்ணீரையே கொஞ்சம் திரும்பக் கலக்கும் அமைப்பு உண்டு. அதோடு தண்ணீரில் கரைந்திருக்கும் மணல் சத்தான சிலிக்கேட் வரும். டயாட்டம் தன் ஓட்டைக் கட்டுவது அதைக் கொண்டுதான்.

உப்பு போடும் முன், தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 50, 100 என்று காட்டினால் மூலத் தண்ணீர் கலக்கும் அந்த வழியை அடைத்துவிட்டு, ஆர்ஓவுக்கு அப்புறம் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் போடுங்கள். 0 காட்டினாலும் சிலிக்கேட் இல்லை என்று சொல்லிவிட முடியாது, மீட்டர் அதைச் சரியாகப் பிடிக்காது. தேங்காய்த்திட்டு முகத்துவாரக் கடல் தண்ணீர் மட்டும் வேண்டாம், ஆற்றுக் கழிவு கலந்திருக்கும்.

படலம் சளி போல நூல் நூலாக, குமிழியோடு நின்றால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். அப்போது நைட்ரேட், பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள், இன்னும் பரவும். கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று போடுங்கள்.