காணிக்கை பாஸ்டரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது, எப்படி மாற்றுவது?

கேள்வி: காசிமேட்டில் ஒரு சுயாதீன சபையில் மூப்பராக இருக்கிறேன். காணிக்கைப் பையை பாஸ்டர் வீட்டில்தான் எண்ணுகிறார்கள். ஜிபே பணமும் அவருடைய சொந்த நம்பருக்கே போகிறது. அவர் நல்ல ஊழியர், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கு என்று வாய் திறந்தாலே, ‘அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா’ என்கிறார்கள். சபை உடையாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: அவர்கள் மனதில் வைத்துச் சொல்லும் வசனம் சங்கீதம் 105:15, ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்’ என்பது. முற்பிதாக்கள் ஊர் ஊராய் அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைச் சொல்கிற இடம் அது. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணக்கு பற்றித் தெரிய 1 சாமுவேல் 12-ஐ வாசியுங்கள். சாமுவேல் தானே ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்கிறார். எருசலேமுக்கான உதவிப் பணத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பியது 2 கொரிந்தியர் 8-ல் இருக்கிறது.

பாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அவருடைய கணக்கில் விழும் பணத்துக்கு வருமான வரித்துறையிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாளை அவருக்கு ஏதாவது ஆனால் கட்டட நிதி வாரிசுகள் கைக்குப் போய்விடும். வெளிநாட்டுச் சகோதரர் ஊழியத்துக்கென்று அனுப்பும் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் அவர் கணக்கில் விழுந்தால் அது சட்டமீறல். இந்த மூன்றையும் அன்போடு சொன்னால் பெரும்பாலான ஊழியர்கள் கேட்பார்கள்.

அடுத்து, டிரஸ்ட் பத்திரம் பதியுங்கள். அல்லது 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேரோடு சங்கமாகப் பதியுங்கள். அந்தப் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, கியூஆர் கோடு. பணம் எடுக்க இருவர் கையெழுத்து. பாஸ்டர், அவர் மனைவி, மைத்துனர் என்று டிரஸ்டிகளைப் போட்டால் பழைய நிலைமைக்குப் புதுப் பெயர் வைத்ததுதான் மிச்சம்.

பை சபையை விட்டு வெளியே போகும் முன்பே எண்ண வேண்டும். ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர், மாதாமாதம் ஆளை மாற்றி. 500 ரூபாய்த் தாள் எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று கார்பன் வைத்த புத்தகத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். ‘ஸ்பீக்கர் வாடகை கொடுத்துவிட்டு மீதியைக் கட்டிவிடலாம்’ என்று ஆரம்பிக்கும் வாரத்தில்தான் கணக்கு கெடும்.

இத்தனையும் செய்து, பாஸ்டருக்குச் சம்பளம் நிர்ணயிக்காமல் விட்டால் ஒன்றும் நிற்காது. பையில் கை வைக்கிறவர்கள் பலர் திருடர்கள் அல்ல. வீட்டு வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் கட்ட வேறு வழி இல்லாதவர்கள். உங்கள் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காணிக்கை குறையும் நேரமும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. அதனால் இரண்டு மாதச் சம்பளத்தை ஜனவரியிலிருந்தே தனியாகச் சேர்த்து வையுங்கள். இதைச் செய்வது மூப்பர்களின் கடமை. பாஸ்டர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பணம் எண்ணக்கூடியது, அதனால் அது சுலபம். அவருடைய குடும்பம், கோபம், போன், தனியாக இருக்கும் பெண்கள் வீட்டுக்கு ஜெபிக்கப் போவது ஆகியவற்றைக் கேட்கவும் ஆள் வேண்டும். அவரால் நீக்க முடியாத, அவரிடம் சம்பளமோ பதவியோ பெறாத இரண்டு பேர்; ஒருவர் வேறு சபையின் மூத்த போதகராக இருந்தால் நல்லது. மாதம் ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசட்டும். வீட்டுச் சந்திப்புக்கு எப்போதும் இருவராகப் போவது என்பதை எழுதியே வையுங்கள்.

புகார் வந்தால் 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறபடி இரண்டு மூன்று சாட்சிகளோடு விசாரியுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் புகாருக்கு மட்டும் இது பொருந்தாது. சபைக்குள் விசாரணையோ சமாதானமோ பேசாமல் உடனே போலீசுக்குப் போக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் மூப்பராகிய நீங்களும் குற்றவாளி.