பிரிக்காத பெட்டிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் நெட்வொர்க் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் டீமில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஷேரில்தான் வந்து முடியும். அதிலும் நெட்வொர்க் கருவிகள் விற்கிற சிஸ்கோ, அரிஸ்டா என்றால் சண்டையே வந்துவிடும். 2000-ல் தொட்ட உச்ச விலையை சிஸ்கோ 2025 டிசம்பரில்தான் திரும்பத் தாண்டியது, ஏஐ கதையும் இப்படித்தான் முடியும் என்கிறார் ஒரு சீனியர். அப்போது சிஸ்கோவின் சரக்கை வாங்கியவர்கள் காசில்லாத டாட்காம் கம்பெனிகள், இப்போது இந்தச் சரக்கை வாங்குவது மைக்ரோசாஃப்டும் மெட்டாவும் என்று இன்னொருவர் மறுக்கிறார்.

என் கேள்வி வேறு. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்ச், ரவுட்டர் என்ற இந்தப் பெட்டிகளோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறவன். எது நல்ல ஸ்விட்ச், யாருடைய சாஃப்ட்வேரை அப்கிரேடு செய்தால் ராத்திரித் தூக்கம் போகும் என்பதெல்லாம் நியூயார்க்கில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிற அனலிஸ்டை விட எனக்கு நன்றாகத் தெரியும். அரிஸ்டா எனக்குப் பிடித்த பெட்டி. அந்த அறிவை நம்பிக் கொஞ்சம் பெரிய தொகையாகப் போடலாமா? இங்கிருந்து வாங்கினால் வரித் தொல்லை எப்படி?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

உங்கள் சீனியர் சொல்வதிலும் பாதி சரி, அவரை மறுக்கிறவர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் உங்கள் கேள்விதான் எனக்குச் சுவாரசியம். பெட்டியைத் தெரிந்தவருக்குப் பங்கும் தெரியுமா? தெரியாது என்றுதான் சொல்வேன், ஏனென்றால் 2000-ல் அந்தப் பெட்டியைச் செய்து விற்றவர்களுக்கே தெரியவில்லை.

அந்த வருடம் மார்ச் 27 அன்று சிஸ்கோ பங்கு 80 டாலரில் முடிந்தது. நிறுவனத்தின் மதிப்பு 50,000 கோடி டாலருக்கு மேல். மைக்ரோசாஃப்டையே முந்தி உலகத்தில் முதல் இடம். அதைவிட இன்னொரு பெருமை அவர்களுக்கு இருந்தது: கணக்கை ஒரே நாளில் முடித்துக் காட்ட முடியும், எந்த ஊரில் எவ்வளவு ஆர்டர் வந்திருக்கிறது என்பதை மேலதிகாரிகள் அன்றன்றைக்கே திரையில் பார்த்துவிடலாம். மற்ற கம்பெனிகளுக்கு இதைப் பாடமாகவே சொன்னார்கள்.

அந்தத் திரையில் தெரிந்ததுதான் பிரச்சினை. உதிரி பாகங்களுக்குத் தட்டுப்பாடு, ரவுட்டர் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்ற நிலை. தீபாவளிக்கு ஊருக்குப் போக நாம் மூன்று ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் போட்டு வைத்து, எது உறுதியாகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்வோமே, அதைத்தான் வாங்குகிறவர்களும் செய்தார்கள். ஒரே தேவைக்கு சிஸ்கோவிடம் ஒரு ஆர்டர், போட்டி நிறுவனத்திடம் ஒரு ஆர்டர், சில சமயம் இரண்டு டீலரிடம் தனித்தனியாக. திரையில் அது எல்லாமே ஆர்டர்தான். அதை நம்பி சிஸ்கோவும் தன் பங்குக்கு உதிரி பாகங்களை முன்கூட்டியே வாங்கிக் குவித்தது, இன்னும் வாங்குவதாக சப்ளையர்களுக்கு வாக்கும் கொடுத்தது. 2000 டிசம்பரில்கூட தலைவர் ஜான் சேம்பர்ஸ் அமோக நம்பிக்கையோடுதான் பேசிக்கொண்டிருந்தார். நான்கைந்து மாதத்தில் 225 கோடி டாலர் சரக்கு நஷ்டத்தில் எழுதித் தள்ளப்பட்டது. இதை நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று அவர் வர்ணித்தார். வெள்ளம் என்றால் வெளியிலிருந்து வருவது. இதில் பாதிக்கு மேல் உள்ளேயே ஊறியது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் இன்னொரு கூத்தும் நடந்தது. திவாலான டாட்காம்களின் ரவுட்டர்கள் அதிகம் பயன்படுத்தாத நிலையிலேயே ஏலத்துக்கும் ஈபேக்கும் வந்து அடிமாட்டு விலைக்குப் போயின. புதுப் பெட்டியை விற்கப் போன சிஸ்கோ ஆளுக்குத் தன் கம்பெனியின் பழைய பெட்டியே போட்டி.

இந்த 25 வருடத்தில் சிஸ்கோ ஒன்றும் செய்யாமல் கிடந்தது என்று உங்கள் சீனியர் நினைத்தால் அது தப்பு. 2000 நிதியாண்டில் வருமானம் 1,890 கோடி டாலர், 2025-ல் 5,670 கோடி. மூன்று மடங்கு. லாபம் 267 கோடியிலிருந்து 1,020 கோடிக்கு வந்துவிட்டது. நடுவில் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டே இருந்ததால் ஒரு பங்குக்கு வரும் லாபம் 36 சென்ட்டிலிருந்து இரண்டரை டாலராகிவிட்டது, அதாவது ஏழு மடங்கு. 2011 முதல் டிவிடெண்டும் தருகிறார்கள். தொழில் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. 36 சென்ட் லாபத்துக்கு 80 டாலர் கொடுத்தவர் மட்டும்தான் மாட்டிக்கொண்டார். 200 மடங்குக்கும் மேல்! 2025 டிசம்பரில் விலை திரும்பியபோது அமெரிக்காவின் விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது, ஆக அவர் உண்மையில் போட்ட காசை எடுத்ததாகவும் சொல்ல முடியாது.

"நல்ல பெட்டி" என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். சிஸ்கோவின் போட்டி நிறுவனமான ஜூனிப்பரை நினைத்துப் பாருங்கள். பிரதீப் சிந்து 1996-ல் தொடங்கியது, பெரிய ரவுட்டர்களில் சிஸ்கோவைத் திணறடித்தது, அதன் சாஃப்ட்வேரான ஜூனோஸ் என்றால் இன்றும் உருகுகிற இன்ஜினியர்கள் உண்டு, உங்கள் டீமிலேயே ஒருவர் இருப்பார். 2000-ல் அதன் பங்கு 200 டாலரைத் தாண்டியது. 2025 ஜூலையில் எச்பிஇ (ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ்) அதை வாங்கி முடித்தபோது கொடுத்த விலை பங்குக்கு 40 டாலர். பெட்டி கடைசிவரை நல்ல பெட்டிதான்.

அரிஸ்டாவைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம்தான். சிஸ்கோவிலிருந்து வந்த ஜெயஸ்ரீ உல்லால் 2008 முதல் நடத்துகிறார், சிஸ்கோ போட்ட வழக்கில் 40 கோடி டாலர் கட்டி 2018-ல் வெளியே வந்தார்கள், அதன் பிறகும் வளர்ச்சி நிற்கவில்லை. ஆனால் 2024-ல் வந்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மைக்ரோசாஃப்ட், மெட்டா என்ற இரண்டே வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. உங்கள் நண்பர் பலமாகச் சொல்வதும் இதைத்தான், நான் பலவீனமாகப் பார்ப்பதும் இதைத்தான். அவர்களிடம் காசு இருக்கிறது, உண்மை. ஆனால் மெட்டா தன் ஸ்விட்சைத் தானே வடிவமைக்கவும் தெரிந்த நிறுவனம், பெட்டிக்குள் இருக்கிற சிப் பெரும்பாலும் பிராட்காமுடையது, அதை யாரும் வாங்கலாம். இன்னொரு பக்கம் நிவிடியா, ஏஐக்கான ஜிபியு சிப்போடு சேர்த்துத் தன் ஸ்விட்சையும் தள்ளுகிறது. 2025 ஜனவரி 27 அன்று அரிஸ்டா பங்கு ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்ததே, அன்று பெட்டியில் ஏதாவது கோளாறா? டீப்சீக் என்ற சீனக் கம்பெனி குறைந்த செலவில் ஒரு ஏஐ மாடல் செய்துவிட்டது என்ற செய்தி, இனி இவ்வளவு பெட்டி தேவைப்படாதோ என்ற பயம், அவ்வளவுதான்.

வாங்குகிறவர் யாருடைய காசில் வாங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 2000-ல் தொலைத்தொடர்புக் கருவிகள் விற்ற லூசென்ட், தன் வாடிக்கையாளரான வின்ஸ்டார் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கடன் கொடுத்துத் தன் சரக்கையே வாங்க வைத்தது. 2001 ஏப்ரலில் வின்ஸ்டார் திவால். 2025 செப்டம்பரில் நிவிடியா, தன் சிப்புகளை வாங்குகிற ஓப்பன்ஏஐயில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்வதாக அறிவித்தபோது பலருக்கும் இந்தப் பழைய கதைதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும் விற்கிறவனே வாங்குகிறவனுக்குக் காசு தரும்போது நான் ஆர்டர் தொகையைப் பாதியாகத்தான் படிப்பேன்.

சரி, உங்கள் அறிவால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. 2021, 2022-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது உங்கள் ஆபீஸிலும் ஸ்விட்சுக்கு மாதக்கணக்கில் காத்திருந்திருப்பீர்கள். சிஸ்கோவிடம் நிலுவை ஆர்டர் மலைபோல் குவிந்தது, முதலீட்டாளர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு சப்ளை சரியாகி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. 2023 நவம்பரில் சிஸ்கோ சொன்னது: அனுப்பிய சரக்கில் ஒன்று இரண்டு காலாண்டுக்கான அளவு வாடிக்கையாளர்களிடம் இன்னும் மாட்டப்படாமல் இருக்கிறது, அதை மாட்டி முடிக்கும்வரை புது ஆர்டர் மந்தம். மறுநாள் பங்கு சுமார் 10 சதவீதம் இறங்கியது. 2024 நிதியாண்டின் வருமானமும் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. அந்த அறிவிப்புக்கு முன்பே இதைக் கண்ணால் பார்த்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். ஸ்டோர் ரூமில் டேப்கூடப் பிரிக்காத அட்டைப் பெட்டிகள், ரேக்கில் இடமில்லை, மின்சாரம் இல்லை, மாட்ட ஆளில்லை, அதற்குள் அடுத்த லாரி கேட்டில் நிற்கும். எந்த ஸ்விட்ச் நல்லது என்பதை விட, வந்த ஸ்விட்சில் எத்தனை ஓடுகிறது என்பது முதலீட்டாளருக்குப் பெரிய செய்தி. (ஒன்று சொல்லிவிடுகிறேன்: நீங்கள் வேலை செய்கிற இடத்தின் வெளியிடப்படாத ரகசியத்தை வைத்து ஷேர் வாங்கினால் அது குற்றம். பொதுவாகத் தொழில் போகிற போக்கைக் கவனிப்பது வேறு.)

அதோடு காலாண்டு அறிக்கையை எடுத்து மூன்று இடத்தை மட்டும் படியுங்கள். சரக்கு இருப்பு வருமானத்தை விட வேகமாக ஏறுகிறதா, சப்ளையர்களுக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு, 10 சதவீதத்துக்கு மேல் வாங்குகிற வாடிக்கையாளர் யார். தலைவர் பேசுவதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

பெரிய தொகை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அரிஸ்டா அல்ல, நீங்கள். உங்கள் சம்பளம் இந்தத் தொழிலிலிருந்து வருகிறது. 2001-ல் சிஸ்கோ 8,500 பேரைக் குறைத்தபோது அவர்களில் பலரின் சேமிப்பும் அதே கம்பெனியின் பங்கில்தான் இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒரே மாதத்தில் போனது. உங்களுக்குப் பிடித்த பெட்டி என்பதற்காகக் கொஞ்சம் வாங்குங்கள், மீதிக்கு நெட்வொர்க் கேபிளே இல்லாத ஏதாவது தொழிலைப் பாருங்கள்.

வரி கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் பங்குகளின் டிவிடெண்டில் 25 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள், அதை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அரிஸ்டா டிவிடெண்டே தருவதில்லை, அந்த வேலை மிச்சம். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியாக வேண்டும், அதுவும் ஏப்ரல்–மார்ச் கணக்கில் அல்ல, ஜனவரி–டிசம்பர் கணக்கில். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான், உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.