எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் கொழுப்புத் துகள் எதற்கு?

எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறான எம்ஆர்என்ஏவை, கொழுப்பில் பொதியாமல் அப்படியே ஊசியில் ஏற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. உடலில் உள்ள நொதிகள் அதைச் சில நிமிடங்களிலேயே நறுக்கிவிடும். தப்பினாலும் செல்லுக்குள் நுழைவது கடினம். எம்ஆர்என்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது, செல்சவ்வின் மேற்பரப்பும் அப்படியே.

நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பால் பொதியலாமே? பொதியலாம். ஆனால், அந்த மின்னூட்டம் நிரந்தரமாக இருந்தால் அது செல்களுக்கு நஞ்சு. ஆகவே, சூழலுக்கேற்ப மின்னூட்டம் மாறும் கொழுப்பு மூலக்கூறை வேதியியலாளர்கள் வடிவமைத்தார்கள். தயாரிப்பின்போது, பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4 அளவுள்ள அமிலக் கரைசலில் அது நேர்மின்னூட்டம் பெற்று எம்ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்கிறது. பிஎச் 7.4 உள்ள இரத்தத்தில் மின்னூட்டம் பெரும்பாலும் இழந்து சாதுவாகிறது. செல் அதை விழுங்கி எண்டோசோம் என்னும் பைக்குள் அடைக்கிறது; பை அமிலமாகிறது. கொழுப்பு மீண்டும் நேர்மின்னூட்டம் பெற்று, பையின் சவ்வைக் குலைக்கிறது; எம்ஆர்என்ஏ செல்லுக்குள் வெளியேறுகிறது. விழுங்கியதைச் சிதைக்கச் செல் உருவாக்கும் அமிலமே பூட்டைத் திறந்துவிடுகிறது! எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

துகளில் பாஸ்போலிப்பிடு (செல்சவ்வில் உள்ள கொழுப்பு வகை), பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூச்சு, கொலஸ்ட்ரால் (ஆம், நாம் அஞ்சும் அதே கொலஸ்ட்ரால்தான்) ஆகியவையும் உண்டு. அளவு ஏறத்தாழ 100 நானோமீட்டர்.

இது கோவிட்டுக்காக அவசரமாகப் பிறந்ததல்ல. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் கல்லிஸ் போன்றோர் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2018இலேயே இத்தகைய துகளில் பொதிந்த பாட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்றும் பெரும்பகுதி எம்ஆர்என்ஏ பைக்குள்ளேயே சிக்கி அழிகிறது. அதனால்தான் கொழுப்பு மூலக்கூறின் தலையையும் (மின்னூட்டம் பெறும் முனை) வாலையும் (நீண்ட கொழுப்புச் சங்கிலி) மாற்றி மாற்றிப் புதிய மூலக்கூறுகளைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.